ஒரு கரண்டி இடம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு ஆறு சிலிண்டர் நிரப்பினேன். ஒன்றில் மூடியின் மரை சரியில்லை, திருப்பி அனுப்பினேன். மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

நோட்டில் பாதி முடிந்துவிட்டது. நேற்று எழுதியது இன்றைக்கு எனக்கே புரியவில்லை. எழுத்தெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிறது, பால் வாங்க வந்த கூட்டம் மாதிரி. தம்பி வந்து படித்துச் சிரிப்பான். சிரிக்கட்டும். முப்பத்தொரு வயதில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். நவம்பரில் டாங்கிப் படைக்குப் போகும்போது இந்த நோட்டைக் கையில் வைத்து, "தினமும் எழுதுக்கா. வந்து ஒவ்வொரு தேதிக்கும் கீழ டிக் போடுறேன், வாத்தியார் மாதிரி" என்றான். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். இப்போது அவன் எனக்கு வாத்தியார்.

என் வேலை என்ன என்று கடிதத்தில் கேட்டிருந்தான். கடிதத்தில் எழுதினால் தபாலறையில் படித்துப் பார்த்து மை பூசிவிடுவார்கள். இங்கே எழுதி வைக்கிறேன்.

டாங்கியின் பெரிய பீரங்கி சுட்டால் குண்டு முன்னால் போகும், குழாய் பின்னால் வரும். எங்கள் வீட்டுக் கறுப்பு மாடு கறக்கும்போது ஒரு உதை விடுமே, அது மாதிரி. (அந்த மாடு எல்லாரையும் உதைக்காது. கை சில்லென்று இருந்தால்தான் உதைக்கும். அம்மா உள்ளங்கையை அடுப்பில் காட்டிவிட்டுத்தான் மடியைத் தொடுவாள். அப்பா காட்ட மாட்டார், உதை வாங்குவார், மாட்டைத் திட்டுவார். சரி, அது வேறு கதை.) டாங்கிக்குள் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். குழாய் உதைத்தால் யார் மேல் விழும்? அதற்குத்தான் சிலிண்டர். குழாயோடு ஒரு கம்பி, கம்பி முனையில் ஓட்டை போட்ட தட்டு, தட்டைச் சுற்றி ஆயில். ஆயில் அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கிப் பிதுங்கித்தான் போக முடியும். அதனால் உதை அடங்கிவிடும். குழாய் முழத்துக்கு நாலு விரல் குறைவாக வந்து நிற்கும். பிறகு பெரிய ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும். திரும்பிப் போகிற போக்கில்தான் பின்கதவு தானாகத் திறந்து வெறும் தோட்டாவைத் துப்பும். அப்போதுதான் அடுத்த குண்டு போட முடியும்.

அந்த ஆயிலை ஊற்றுகிறவள் நான். விளிம்பு வரை ஊற்றணும். பிறகு நீளக் காம்புக் கரண்டியால் ஒரு கரண்டி எடுத்துவிடணும். மூடி போட்டு, மூடி மேல் என் நம்பரை அடிக்கணும். என் நம்பர் பதினாலு.

நிரப்பச் சொல்லிவிட்டு ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்? நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஐந்து சிலிண்டர். தோள்பட்டை வலி.

மார்ச் 11, செவ்வாய்

கடிதம்! நான் தொழிற்சாலை ஷாப்பிலிருந்து வரும்போதே தம்பி பெண்டாட்டி வாசலில் நின்று காகிதத்தை ஆட்டினாள். ஏழு மாத வயிற்றோடு குதிக்கிறாள். "குதிக்காதேம்மா, உள்ள இருக்கிறது முழிச்சுக்கும்" என்றேன்.

புது டாங்கி கொடுத்திருக்கிறார்களாம். குண்டு போடுகிற வேலை அவனுக்கு. முதல் நாளே உள்ளே புகுந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தானாம். எழுதியிருக்கிறான்: "மூடி மேல பதினாலு இருக்குக்கா. உன் நம்பர்தானே? நான் அதைத் தினமும் தொட்டுட்டுத்தான் உக்காருறேன்." அந்த 'பதினாலு' மேல் மை பூசவில்லை. எண்தானே, போகட்டும் என்று விட்டிருப்பார்கள்.

நான் அந்த வரியை ஆறு தடவை படித்தேன். விரல் வைக்காமல்.

மார்ச் 12, புதன்

ஷாப் முழுக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரிக்கு வெங்கலம் என்று பேர். அவள் குரல் அப்படி. "அப்போ உன் தம்பி அங்கயும் உன் இடுப்புலதான் உக்காந்திருக்கான்னு சொல்லு!" என்றாள். லேத் ஓட்டுகிறவர்கள் வரை கேட்டுச் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

ஒன்று எழுதணும். யாரிடமும் சொன்னதில்லை, தப்பு என்று இல்லை, சின்ன விஷயம்.

அம்மா வீடு வீடாகப் பால் ஊற்றினவள். நான் பின்னால் தூக்கு தூக்கிக்கொண்டு போவேன். அளவு ஊற்றி முடித்ததும் அம்மா கை ஒரு தடவை தானாகத் திரும்பிக் குனியும். ஒரு வாய்ப் பால் கூட விழும். கொசுறு. கொசுறு ஊற்றாத பால்காரி யார் வீட்டு வாசலிலும் நிற்கவே முடியாது. தம்பி நாலு வயதில் டம்ளரை நீட்டிக்கொண்டே நிற்பான், நிறைந்த பிறகும் எடுக்க மாட்டான். "இன்னும் கொசுறு வரல" என்பான். தெருவெல்லாம் அவனை அப்படித்தான் கூப்பிட்டது. கொசுறு, கொசுறு என்று. அம்மாவுக்குக் கடைசியாகப் பிறந்தவன், எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அவனே ஒரு கொசுறுதான்.

அந்தக் கை எனக்கும் வந்துவிட்டது. சிலிண்டரில் கரண்டி எடுத்ததும் கை தானாகத் திரும்பும். கொஞ்சம் உள்ளே விடுவேன். முன்பெல்லாம் ஒரு வாய். தம்பி டாங்கிக்குப் போனதிலிருந்து பாதிக் கரண்டி. சண்டைக்குப் போகிற சாமான், குறை வைத்து அனுப்புவானேன்?

அவன் பீரங்கிக்கும் பாதிக் கரண்டி விழுந்திருக்கும். நினைத்தால் மனது நிறைகிறது.

மார்ச் 27, வியாழன்

சோதனை அதிகாரி வந்திருந்தார். அவருக்கு மூணு குண்டு என்று பேர். ஒவ்வொரு பீரங்கியையும் மூன்று தடவை சுட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நாலாவது குண்டு கிடையாது, எல்லாம் சண்டைக்கு வேணும். ரொம்பச் சரியான மனுஷன். சட்டையில் ஒரு மடிப்பு இருக்காது.

முன்னால் சண்டை நடக்கிற இடத்திலிருந்து புகார் வந்திருக்கிறதாம். அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு குண்டு வேகமாகச் சுட்டதும் குழாய் பின்னாலேயே நின்றுவிடுகிறதாம். திரும்பிப் போகாதாம். பின்கதவு திறக்காதாம்.

"அப்புறம் மெக்கானிக் போய்ப் பாத்தா, புது மாப்பிள்ளை மாதிரி ஜோரா இருக்குதாம். மூணு குண்டு சுட்டாங்களாம், மூணும் சுத்தம். சண்டை நேரத்துல மட்டும் பீரங்கி கோவிச்சுக்குமாம்! பசங்களுக்குப் பயம் வந்துடுச்சு, பழி பீரங்கி மேல."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கடிதத்தில் பாதி மை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. மை போக இருந்தது இவ்வளவு:

"…பதிமூணாவது… நின்னுடுச்சு. நான் கையால தள்ளினேன், காலால உதைச்சேன். கதவு திறக்கல. தலைவர் வண்டியைப் பின்னால எடுக்கச் சொன்னார், எடுத்தோம். பக்கத்து வண்டி எரிஞ்சுது… காலைல பாத்தா சரியா இருக்கு. யாரும் நம்பல. விசாரணை இருக்கு. அக்கா, அது நிஜமா நின்னுச்சு. நீயாவது நம்பு."

தம்பி பெண்டாட்டி என்னையே பார்த்தாள். "விசாரணைன்னா என்ன அண்ணி பண்ணுவாங்க?"

தெரியாது என்று சொன்னேன். தெரியும். பொய் சொல்லி ஓடிவந்தான் என்பார்கள்.

நானும் சிரித்தேனே.

ஏப்ரல் 5, சனி

அரை நாள் லீவு. தம்பி பெண்டாட்டி ஒரு பாட்டிலில் விளக்கு எண்ணெய் ரொப்பி, தக்கையை அழுத்தி மூடி, ஜன்னலில் வைத்திருந்தாள். வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். டப்பென்று சத்தம். தக்கை தரையில் கிடந்தது, எண்ணெய் சுவரில் வழிந்தது.

"ரொம்ப ரொப்பிட்டேன் அண்ணி. சூடானா எண்ணெய் பெருசாகுமே. கொஞ்சம் எடம் விட்டிருக்கணும்" என்று துடைக்கத் துணி கேட்டாள்.

என் கையில் துணி இருந்தது. கொடுக்கவில்லை. அவள் இரண்டாவது தடவை கேட்டாள்.

இடம். அந்த ஒரு கரண்டி எடுக்கிறது இடம் விடத்தான். சுடச் சுட ஆயில் சூடாகும், பெருகும், போக இடம் வேணும். இடம் இல்லாவிட்டால் கம்பியைத்தான் தள்ளும். கம்பியைத் தள்ளினால் குழாய் எப்படித் திரும்பிப் போகும்? நின்றுவிடும். ஆறினதும் ஆயில் சுருங்கிவிடும். குழாய் நல்ல பிள்ளை மாதிரித் தன் இடத்துக்கு வந்துவிடும். காலையில் எவன் பார்த்தாலும் ஒன்றும் இருக்காது.

ஐயோ. பாதிக் கரண்டி. ஒவ்வொன்றிலும் பாதிக் கரண்டி. நான்தான். நான்தான் நிறுத்தினேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மேஸ்திரியிடம் சொன்னேன். இவருக்கு ஆகட்டும் என்று பேர். என்ன சொன்னாலும் அதுதான் பதில். ஒரு தடவை இவர் மேசைக்கு அடியில் நெருப்புப் பிடித்தபோது வெங்கலம் கத்தினாளாம், "மேஸ்திரி, நெருப்பு!" என்று. "ஆகட்டும்" என்றாராம், தலை தூக்காமல். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

இன்றைக்கு முதல் தடவையாக அவர் ஆகட்டும் சொல்லவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மேஸ்திரி."

"சொல்லாத. இன்னையிலேர்ந்து சரியா எடு. முடிஞ்சுது."

"என் தம்பிக்கு விசாரணை மேஸ்திரி. பயந்து ஓடினான்னு சொல்றாங்க."

"எனக்கு மூணு பொண்ணும்மா" என்றார். அவர் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்றைக்கு ஐந்து சிலிண்டர். ஒவ்வொன்றிலும் முழுக் கரண்டி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கை திரும்பப் பார்த்தது. இடது கையால் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9, புதன்

மாடி ஏறி, சாமானுக்கெல்லாம் படம் வரைகிற அறைக்குப் போனேன். போகக் கூடாது, போனேன். அங்கே இந்தச் சிலிண்டருக்குப் படம் வரைந்தவர் இருக்கிறார். காதில் எப்போதும் பென்சில், அதனால் பென்சில் என்றே எல்லாரும் சொல்வார்கள். என் காலில் இருந்த ஆயில் அவர் தரையில் அச்சு அச்சாக விழுந்தது. அவர் அதைத்தான் முதலில் பார்த்தார்.

சொன்னேன். கொசுறு வரைக்கும் சொன்னேன். அவர் பெரிய படத்தை இழுத்துப் பிரித்தார். சுவர் அகலம் இருந்தது. நான் ஊற்றுகிற அந்த ஓட்டை அதில் மிளகு அளவு. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு எண்.

"இவ்வளவு இடம் விடணும்னு தெளிவாப் போட்டிருக்கேன். கரண்டின்னு யாரு சொன்னா?"

"கீழ கரண்டிதான் குடுத்தாங்க சார்."

"சரி, கரண்டி அளவு சரிதான். எடுத்துட்டுத் திருப்பி ஊத்துவாங்களா? யாரும்மா திருப்பி ஊத்துவா?"

"பால்காரி ஊத்துவா சார்."

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"நான் எல்லாத்தையும் கணக்குப் போட்டேன். எத்தனை தடிமன் இரும்பு, எத்தனை ஓட்டை, எத்தனை வேகம். நாலு வருஷம். இது மட்டும் என் கணக்குலயே வரல."

அப்புறம் கேட்டார்: "நிஜமா அது சுடுறப்ப எப்படி இருக்கும்? நான் பாத்ததே இல்ல."

நானும் பார்த்ததில்லை என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

குளியலறைக் கொப்பரையில் வைத்துப் பார்த்தோம். வேலையாட்கள் குளிக்கத் தண்ணீர் கொதிக்கிற கொப்பரை. பென்சில் காலையிலேயே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்தார். ஒரு சிலிண்டரில் என் பழைய கைப்படி ஊற்றினேன். எடுத்தேன், பாதியைத் திருப்பி விட்டேன். கம்பிக்கு ஸ்பிரிங் மாட்டி, சங்கிலியில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினோம்.

வெங்கலம் எட்டிப் பார்த்தாள். "என்னடி, பீரங்கிக்குக் குளிப்பாட்டுறீங்களா? சோப்பு வேணுமா?" யாரும் சிரிக்காததைப் பார்த்துப் போய்விட்டாள்.

கம்பி மெதுவாக வெளியே வந்தது. யாரோ உள்ளே இருந்து தள்ளுகிற மாதிரி. நாலு விரல் வந்து நின்றது. பென்சில் மொத்தப் பலத்தையும் போட்டு அழுத்தினார், அசையவில்லை. நானும் சேர்ந்து அழுத்தினேன். தம்பியும் இப்படித்தான் அழுத்தியிருப்பான். கையால, காலால.

வெளியே எடுத்துத் தரையில் போட்டோம். ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரத்தில் கம்பி தானாக உள்ளே போய்விட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி.

முழுக் கரண்டி எடுத்து இன்னொரு தடவை செய்தோம். கம்பி அசையவே இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மூணு குண்டு அறையில் நாங்கள் இரண்டு பேரும். பென்சில் எழுதிய தாளை அவர் இரண்டு தடவை படித்தார். நிதானமாகத்தான் படித்தார். கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை.

"இந்தப் பீரங்கியெல்லாம் என் முன்னாடி தேறுச்சா இல்லையா?"

"மூணு குண்டுல தேறும் சார்" என்றார் பென்சில். "பதினஞ்சு சுட்டுப் பாருங்க. ஒரே ஒரு பீரங்கியில."

"பன்னெண்டு குண்டு கூட வேணும். அந்தப் பன்னெண்டை எந்த வண்டியிலேர்ந்து எடுக்கட்டும், சொல்லுங்க?"

நான் சொன்னேன், "தப்பு என்னோடது சார். பதினாலு நம்பர். என்னை என்ன வேணா பண்ணுங்க. என் தம்பி பொய் சொல்லலைன்னு மட்டும் ஒரு தாள்ல எழுதுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, உன் கைப்பட்டது எத்தனை இருக்கும்?"

"அறுநூறு."

"அறுநூறு வண்டியில ஆள் உக்காந்திருக்கான். நம்ம பீரங்கி நிக்கும்னு அவங்களுக்கு நான் இன்னைக்குச் சொன்னா, நாளைக்கு எவன் முன்னால போவான்? உன்னை உள்ள தள்ளினா நாளைக்கு யார் நெரப்புவா? போ. போய் ஒழுங்கா நெரப்பு."

"நிக்கிறது நிஜம்தானே சார்? அவங்களுக்குத் தெரிஞ்சா மூடியத் திறந்து கொஞ்சம் எடுத்துடுவாங்களே!"

"போம்மா."

தண்டனைகூடக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பென்சிலும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சட்டை இன்னும் கொப்பரைக் கரியோடு இருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

தம்பிக்கு நானே எழுதினேன். மூன்று பக்கம். நின்றால் மூடியைத் திறந்து பாதிக் கரண்டி எடுத்துவிடு, எல்லாரிடமும் சொல், தப்பு என்னுடையது, விசாரணையில் இந்தக் கடிதத்தைக் காட்டு.

தபாலறையில் கடிதம் படிக்கிறவர் என் எதிரிலேயே தூரிகையை மையில் தொட்டார். வயசானவர், மரியாதையானவர். "பீரங்கின்னு வந்தா மைம்மா. ஆயில்னு வந்தா மை. நான் பண்ணலைன்னா அடுத்த மேசைல பண்ணுவாங்க." முதல் பக்கம் முழுக்கக் கறுப்பு. இரண்டாவது பக்கம். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். பிடிக்கக் கூடாது.

"ஒரு வரியாவது விடுங்கய்யா."

கடைசி வரியை விட்டார். 'தம்பி, அது நின்றது என்று அக்கா நம்புகிறேன்.'

நம்புகிறேனாம். தெரியும்டா. எனக்குத் தெரியும்டா.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. ஆறு சிலிண்டர்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் ஷாப் சுவரில் அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. புதுக் கரண்டியும் வந்திருக்கிறது, உள்ளே சுற்றிலும் கோடு போட்டது. தாளை நின்று படித்தேன்: 'இன்று முதல் சிலிண்டரிலிருந்து ஒரு முழுக் கரண்டி ஆயில் எடுக்கப்பட வேண்டும். எடுத்த ஆயிலை எக்காரணம் கொண்டும் திரும்ப ஊற்றக் கூடாது.'

ஏன் என்று இல்லை. யார் என்று இல்லை. இன்று முதல். நேற்று வரைக்கும் போனதெல்லாம்?

வெங்கலம் படித்துவிட்டு, "எடுத்ததைத் திருப்பி எந்தப் பைத்தியம் ஊத்தும்?" என்றாள்.

பென்சிலைக் கேட்டேன். வேறு தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார்களாம், போன வாரமே. போகும்போது மேஸ்திரியிடம் எனக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பீரங்கிப் படம், சின்னதாக. என் ஓட்டையை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்.

மே 8, வியாழன்

தம்பியிடமிருந்து நாலு வரி. இதில் மை இல்லை, பூச ஒன்றும் இல்லை.

"விசாரணை முடிஞ்சுது. சண்டையில பின்வாங்கினதுன்னு எழுதிட்டாங்க. எங்க வண்டி நாலு பேரையும் பிரிச்சுட்டாங்க. இப்ப எனக்குப் பீரங்கி இல்லை, மண்வெட்டி. கண்ணிவெடி எடுக்கிற கூட்டம். உன் ஒரு வரி வந்தது. அதைச் சட்டைப் பையில வச்சிருக்கேன்."

தம்பி பெண்டாட்டி அழவில்லை. "மண்வெட்டின்னா பரவாயில்லதானே அண்ணி? மண்வெட்டி நிக்காதுல்ல?" என்றாள்.

அவளிடம் சொல்லணும். வாயைத் திறந்தேன். சாப்பிட்டியா என்று கேட்டேன்.

மே 20, செவ்வாய்

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். மூக்கு அவன் மூக்கு.

ஜூன் 17, செவ்வாய்

வந்துவிட்டான்.

நான் ஷாப்பிலிருந்து வருகிறேன், கதவோரம் யாரோ உட்கார்ந்து குழந்தையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆள் பாதியாகிவிட்டான். இடது கையில் இரண்டு விரல் இல்லை. குழந்தை மீதி விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அதுவே போதும் போல.

சட்டையில் பட்டையெல்லாம் பிய்த்த இடம் நிறம் மாறித் தெரிகிறது. பையில் படையிலிருந்து விலக்கின தாள். அதைக் காட்டித்தான் வேலை கேட்கணும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துவிட்டேன். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் அவன்.

"என்னக்கா, இளைச்சுட்டியே" என்றான் என்னைப் பார்த்து.

ஜூன் 19, வியாழன்

எதிர்வீட்டுக்காரர் தெருவில் இவனைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். இவனும் பார்த்தான். "அவர் பீரங்கியா நின்னுச்சு, அவரு ஏன் ஓடுறாரு?" என்று சிரித்தான். பழைய சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

பிறகு கேட்டான், "நோட்டு எழுதினியாக்கா? குடு. வாத்தியார் வந்தாச்சு."

இந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அவன் வந்ததிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். கிழித்தால் அது நின்றது என்று அவனுக்குச் சொல்ல இந்த உலகத்தில் வேறு தாளே கிடையாது.

இதை எழுதி முடித்ததும் கொடுத்துவிடுவேன்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் நோட்டு என் பெட்டி மேல் இருந்தது. மார்ச் மாதம் முழுக்க டிக் போட்டிருக்கிறான், சிவப்புப் பென்சிலால், ஒவ்வொரு தேதிக்கும் கீழே. பதினாலாம் தேதிக்கு இரண்டு டிக். ஏப்ரல் மூன்றுக்கும் இருக்கிறது. ஐந்துக்கு இல்லை. அதற்கப்புறம் எதற்கும் இல்லை. படிக்காமல் விட்டானா, படித்துவிட்டுப் போடாமல் விட்டானா, தெரியாது.

அவன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். பால் காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றினேன். அவன் டம்ளர் நிறைந்தது. என் கை வழக்கம் போலத் திரும்பியது.

அவன் டம்ளர் மேல் உள்ளங்கையை வைத்து மூடினான்.

"போதும்கா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

மீதியைச் சட்டியிலேயே ஊற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.